ஓட்டை இல்லை, துளை

தவறு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூரில் முதல்மாடி ஓட்டல் ஒன்றில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. முதலாளி கோதண்டபாணி, ஃபேமிலி ரூமுக்காக ஏழடி நீள மீன் தொட்டி ஒன்றை இறக்கியிருந்தார். ஆயிரத்து இருநூறு லிட்டர் பிடிக்கும். சாதாரணத் தொட்டிகளில் குழாய்கள் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும். அது பார்க்க நன்றாக இல்லை என்று, அடிக்கண்ணாடியிலேயே நான்கு துளை போட்ட தொட்டியாக வாங்கியிருந்தார். குழாய்கள் அந்தத் துளைகள் வழியாக நேராகக் கீழே இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் மூடி போட்ட வாளி போன்ற இரண்டு கேனிஸ்டர் ஃபில்டர்களுக்குப் போகும். இரண்டு துளையில் அழுக்குத் தண்ணீர் இறங்கும். மற்ற இரண்டில் சுத்தமாகித் திரும்ப ஏறும்.

"கீழ கடையில ஒரு வார்த்தை சொல்லிடுப்பா, தண்ணி நிரப்பப்போறோம்னு" என்றார் முதலாளி.

கீழே இருப்பது வல்லி சில்க்ஸ். நான் யோசித்து, இரண்டு முறை அடித்துத் திருத்தி, கடைக்கார அம்மாவுக்கு இப்படி ஒரு வாட்ஸப் அனுப்பினேன்:

"வணக்கம் மேடம். மேலே எங்கள் மீன் தொட்டியில் நான்கு ஓட்டைகள் உள்ளன. பதினோரு மணிக்கு அதில் தண்ணீர் நிரப்புகிறோம். தங்கள் தகவலுக்காக."

இரண்டு நிமிடத்தில் சௌந்தரவல்லி அம்மா படியேறி வந்துவிட்டார். கையில் செல்போன். தோளில் பாதி மடித்த ஒரு பட்டுப்புடவை.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? ஓட்டைத் தொட்டில தண்ணி ஊத்துறதுமில்லாம, அதுக்கு எனக்கு அழைப்பு வேறயா?"

"வல்லியக்கா, கொஞ்சம் கேளுங்க..." என்றார் முதலாளி.

"என்னத்த கேக்குறது? இந்தத் தொட்டிக்கு நேர் கீழதான் நான் புடவை விரிச்சுக் காட்டுற மெத்தை. முகூர்த்தப் பட்டு முப்பத்தஞ்சு விரிச்சு வச்சிருக்கேன். பன்னெண்டரைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. ஒரு சொட்டு பட்டுல விழுந்தா கறை. அந்தக் கறைக்கு யார் தாலி கட்டுவா?"

அப்போது ஸ்டாண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"யக்கா, ஓட்டைன்னு மட்டும் சொல்லாதீங்க. தொழிலுக்கு ஆவாது."

கால்களைத் தொடர்ந்து முழு ஆளும் வெளியே வந்தார். மாசிலாமணி. கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்கள் தொட்டிக்குப் பைப் போட அனுப்பும் மேஸ்திரி.

"ஓட்டை தானா வுழறது. தொளை நாம போடுறது. காதுல கம்மல் போட்டிருக்கீங்களே, அது ஓட்டையா?"

"என் காதுல நான் ஆயிரத்து இருநூறு லிட்டர் ஊத்துறதில்ல, மேஸ்திரி."

முதலாளி குறுக்கே புகுந்து ஒரு வழியாகச் சமாதானம் பேசினார். முடிவில் சௌந்தரவல்லி அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தொட்டி நிரம்ப வேண்டும், மிஷின் இரண்டும் ஓட வேண்டும், ஒரு சொட்டும் விழவில்லை என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை அவர் நகரமாட்டார். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த நிமிடமே எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, அன்றைய பேப்பரை எடுத்துக் குழாய்களுக்குக் கீழே அவரே விரித்தார்.

ஹோஸைத் திறந்தேன். தண்ணீர் விழ ஆரம்பித்தது. மாசிலாமணியும் ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

"அயனாவரத்துல ஒரு வூடு. இதே மாரி தொளைல மாட்டுற டேங்க் நிப்பிள், இதே மாரி ரப்பர் வாஷர். ஸ்பேனர்கூட இல்ல, கையாலயே திருகுனேன். எட்டு வருசம் கழிச்சு அந்த வூட்ட இடிச்சாங்க. சுவரு போச்சு, தூணு போச்சு, மாடி போச்சு. என் பைப்பு நிக்குது. பைப்பு மேல தொட்டி நிக்குது. தொட்டில மீனு அதுபாட்டுக்கு நீந்தினு இருக்குது. ஜேசிபிக்காரன் கடுப்பாயி ஒரு தட்டு தட்டுனான். ஜேசிபிக்கு ரெண்டு பல்லு வுழுந்துடுச்சு."

"அடேயப்பா!" என்றார் முதலாளி. "அப்புறம்?"

"அப்புறம் இன்னா பண்ணுவாங்க? என் பைப்பையே அஸ்திவாரமா வச்சு மூணு மாடி கட்டிட்டாங்க."

"எந்தத் தெரு?" என்று கேட்டார் சௌந்தரவல்லி அம்மா.

"தெருவையே மாத்திட்டாங்க, யக்கா."

நான்கு துளைகளுக்கும் மேல் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. சௌந்தரவல்லி அம்மா குனிந்து பேப்பரைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஒழுகுறத வுடுங்க, யக்கா. இழுக்குறதுதான் மேட்டரு" என்றார் மாசிலாமணி. "பெரம்பூர்ல ஒரு கல்யாண மண்டபம். வாசல்ல பதினஞ்சடி தொட்டி. வால்வை கால் பாகம் தொறக்கணும். நான் ஏதோ யோசனையில முழுசா தொறந்துட்டேன். மொதல்ல கூழாங்கல்லு போச்சு. அப்புறம் செடி. அப்புறம், பக்கத்துல நின்ன மாப்ள மாமா தலையிலேர்ந்து விக்கு. நாதஸ்வரக்காரரு ஊதுறாரு, ஊதுறாரு, சத்தமே வெளிய வர்ல. எல்லாம் ஃபில்டருக்குள்ள போவுது. ஸ்டாப்புல நின்ன பஸ்ஸு மெள்ள ரிவர்ஸ்ல வருது. டிரைவரு பிரேக்கு மேல ஏறி நிக்கிறாரு!"

"மீனெல்லாம் என்னாச்சு அண்ணே?" என்றேன். கதை என்று தெரிந்தே கேட்டேனா, நம்பிக் கேட்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

"மீனு கெட்டிக்காரப் பயலுங்க, தம்பி. ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சு சங்கிலியா கோத்துக்கினு, கடைசி மீனு உள்ள இருந்த பொம்மைப் பாலத்தைக் கவ்வினு நின்னுடுச்சு."

"இப்படி இழுக்குற மிஷினைத்தான் என் கடைக்கு மேல வைக்கிறீங்களா?" என்றார் சௌந்தரவல்லி அம்மா. "கீழ இருக்கிற முப்பத்தஞ்சு புடவையும் அந்தத் துளை வழியா மேல வந்துடப் போகுது."

அவர் வாயிலிருந்து 'துளை' என்று வந்ததில் மாசிலாமணிக்கு ஒரே சந்தோஷம். "வராது யக்கா. வலை போட்டிருக்கேன்" என்றார்.

தொட்டி பாதி நிரம்பியிருந்தது. ஃபில்டர் மூடியில் ஆங்கிலத்தில் 'இன்', 'அவுட்' என்று எழுதியிருந்ததை நான் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகம் எனக்குத் தீரவே இல்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, 'இன்'னா தொட்டிக்கு உள்ளயா, ஃபில்டருக்கு உள்ளயா?"

மாசிலாமணி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"படிச்சவன் படிச்சவன்தான். இந்தக் கேள்வியை வில்லிவாக்கத்துல ஒரே ஒரு தபா கேக்காம வுட்டுட்டேன். பைப்பு தலைகீழா மாறிப்போச்சு. ஃபில்டரு ரெண்டு நாளு பின்னால ஓடியிருக்குது. மூணாம் நாளு போயி பாக்குறேன், முழம் நீட்டு மீனெல்லாம் விரல் நீட்டு ஆயிடுச்சு. நான் பாத்துக்கினு இருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஆவுது. மத்தியானத்துக்குள்ள தொட்டி பூரா முட்டை!"

"பின்னால ஓடினா வயசும் பின்னால போகுமா?" என்றார் முதலாளி.

"போவுமாவா? வூட்டுக்காரருக்கு அறுபது வயசு. தெரியாம அந்தத் தண்ணில மொகம் கழுவிட்டாரு. மறுநாளு மொகமெல்லாம் பரு."

முதலாளி தன் வழுக்கையைத் தடவினார். "மாசிலாமணி, நம்ம தொட்டிலயும் ஒரு அரைமணி நேரம் மாத்திப் போட முடியுமா?"

"வேணாம் மொதலாளி. அந்த முட்டைய மறுபடி மீனாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேரா மாத்துனதும் பொரிச்சு, வளந்து, பழைய சைசுக்கு வந்து நின்னுடுச்சுங்க. ஒண்ணு மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிப் போயிடுச்சு. லாரி வச்சு எடுத்தும்போயி கடல்ல வுட்டோம்."

"நல்ல தண்ணி மீன் கடல்ல எப்படி இருக்கும்?" என்றார் சௌந்தரவல்லி அம்மா.

"அந்த சைசுக்கு எந்தத் தண்ணியா இருந்தா இன்னா, யக்கா?"

"சரி. இது இப்ப நேரா இருக்கா, தலைகீழா இருக்கா?"

மாசிலாமணி ஸ்பேனரை எடுத்தார். ஸ்டாண்டுக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. ஸ்பேனர் சத்தம் இரண்டு முறை கேட்டது. வெளியே வந்து, "நேராத்தான் கீது" என்றார்.

சௌந்தரவல்லி அம்மா மணி பார்த்தார். பதினொன்று ஐம்பது. இனித் தாமதித்தால் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள், தாமதிக்காவிட்டால் தண்ணீர் வந்துவிடலாம் என்ற நிலைமை. தோளில் கிடந்த புடவையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்து மாசிலாமணிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான்.

"யக்கா, கூவத்தையே வடிகட்டுனவன் நானு. ரெண்டே ரெண்டு கேனிஸ்டர். ஒரு பைப்பை உள்ள வுட்டேன், ஒரு பைப்பை வெளிய வுட்டேன். சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி! எவ்ளோ சுத்தம்னா, தண்ணி இருக்குறதே கண்ணுக்குத் தெரியல. ஆறு வத்திப்போச்சுன்னு நெனச்சு பசங்க கிரிக்கெட் ஆட எறங்கிட்டானுங்க. டாஸ் போட்ட காசு கீழ வர்றதுக்குள்ள ரெண்டு டீமும் மெதக்குது."

"அம்பயர்?" என்றார் முதலாளி.

"அம்பயருக்கு நீச்சல் தெரியும். அதுகூடப் பரவால்ல. ரயில்ல வர்ற ஜனங்க இருக்காங்களே, கண்ணை மூடினு தூங்குவாங்க, கூவம் நாத்தம் வந்தா எழுந்து எறங்குவாங்க. அன்னிக்கு நாத்தமே வர்ல. அத்தனை பேரும் ஸ்டேசன் தாண்டிப் போயிட்டாங்க. ஆபீசு பூரா காலி. கடைசில பெரிய மனுசங்க நாலு பேரு வந்து, 'மாசிலாமணி, தயவு பண்ணி எடுத்துடுப்பா, ஊருக்கே வழி தெரியல'ன்னாங்க. சரின்னு எடுத்துட்டேன்."

"அந்த ரெண்டு ஃபில்டர் இப்ப எங்க?" என்றார் சௌந்தரவல்லி அம்மா.

மாசிலாமணி ஸ்டாண்டுக்குள் கையைக் காட்டினார். "தோ. இதான்."

அந்த ஃபில்டர்களை அட்டைப் பெட்டியிலிருந்து அன்று காலை பிரித்தவன் நான். தெர்மாகோல் துண்டுகள் இன்னும் என் சட்டையில் ஒட்டியிருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கண்ணைக் காட்டினார். நிறுத்திக்கொண்டேன்.

தொட்டி நிரம்பிவிட்டது. ஹோஸை மூடினேன்.

"கதை போதும். ஓட்டுங்க" என்றார் சௌந்தரவல்லி அம்மா.

மாசிலாமணி வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். தண்ணீர் ஃபில்டருக்குள் இறங்கியது. களக், களக் என்று காற்று மேலே வந்தது. சுவிட்சைப் போட்டார். குழாய்கள் ஒருமுறை நடுங்கின. பிறகு சத்தம் அடங்கி, தொட்டிக்குள் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் மெல்லச் சுழன்று ஏறியது. நாங்கள் நான்கு பேரும் முழங்காலிட்டு அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் செல்போனில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் மாசிலாமணி ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கூர்ந்து கேட்டேன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்போன் அடித்தது. பேப்பர் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகாம நின்னுடுச்சு!" என்று துள்ளி எழுந்தார் மாசிலாமணி. முதலாளியைக் கட்டிப் பிடித்தார். "மொதலாளி, நெசமாவே நின்னுடுச்சு!"

சௌந்தரவல்லி அம்மா மெதுவாக எழுந்தார். "ஏன் மேஸ்திரி, நிக்காதுன்னு நினைச்சீங்களா?"

சந்தோஷத்தில் மாசிலாமணி தன்னை மறந்துவிட்டார்.

"இல்ல யக்கா, மேல தொங்கவுடுற பைப்பு நெறைய போட்டிருக்கேன். அடில தொளை போட்ட தொட்டி, இதான் எனக்கு மொதல்."

காலையிலிருந்து அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் நம்பாத சௌந்தரவல்லி அம்மா, இதை அப்படியே நம்பினார். படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அடுத்து, கீழேயிருந்து, கடைப் பெண்ணைக் கூப்பிடும் அவர் குரல்:

"ஏய் கற்பகம்! முப்பத்தஞ்சையும் சுருட்டு! மேல இருக்கிறவரு உண்மை பேசிட்டாரு!"