காலிக் குப்பிக்குக் கையெழுத்து

"என்னைத் திருடன்னு நினைக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார் சிவதாணு.

ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைவர் மெஹர்பானு பதிவேட்டை விரித்து வைத்தார். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

சிவதாணு நாகர்கோவிலில் சொந்தமாக மெடிக்கல் கடை நடத்தி, நொடித்துப்போய், இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். மெஹர்பானுவைவிட மூத்தவர். இந்தத் தொழிலில் இனிக் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தார், போதைக்காகத் திருடுபோகும் வலி மருந்தான மார்ஃபினின் அலமாரிக்கு வரும்வரை.

ஊசி மருந்தை வெளியே எடுத்தால் கையெழுத்து. வார்டு நர்ஸ் வாங்கினால் கையெழுத்து. மிச்சத்தைக் கொட்டினால், கொட்டியதைப் பார்த்தவர் கையெழுத்து. காலிக் குப்பி திரும்பி வந்தால் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்து.

"காலிக் குப்பிக்கு எதுக்கு மேடம்? உள்ளே ஒண்ணுமே இல்லையே."

"எழுதுங்க அண்ணாச்சி."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"நாளைக்கும் சொல்வேன்."

ஒரு மத்தியானம் நல்ல கூட்டம். புற்றுநோய் வார்டு நர்ஸ் ஜெபமலர் காலிக் குப்பியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட நின்றார்.

"போங்க சிஸ்டர். உங்களை எனக்குத் தெரியாதா," என்றார் சிவதாணு.

அன்று முழுக்க அவருக்கு மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் கணக்கில் ஒரு காலிக் குப்பி குறைந்தது. நிர்வாகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜெபமலர் வாங்கியதற்குக் கையெழுத்து இருந்தது. திருப்பிக் கொடுத்ததற்கு இல்லை.

"அவங்க கொடுத்தாங்க சார். நான்தான் வாங்கினேன்," என்றார் சிவதாணு.

"அப்போ குப்பி எங்கே?"

அவருக்கு நினைவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானா?" என்றார் அதிகாரி.

ஜெபமலரின் பையை மேசைமேல் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், மாற்றுத் துணி, மகளுக்கு வாங்கிய வளையல். வாசலில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சிவதாணுவும் ஓரமாக நின்றார்.

கடைசியில் குப்பி, உடைந்த கண்ணாடி போடும் டப்பாவுக்குள் கிடைத்தது. கூட்ட நேரத்தில் சிவதாணுவே போட்டிருக்கிறார்.

அதிகாரி போய்விட்டார். மெஹர்பானு அலமாரியைப் பூட்டினார்.

"திட்டவாவது செய்ங்க மேடம்."

மெஹர்பானு சலிப்போடு மேசைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஜெபமலர் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

சிவதாணு பக்கத்தில் போனார்.

"நான் உங்களை நம்பித்தான் சிஸ்டர்..."

"தெரியும் அண்ணாச்சி," என்றார் ஜெபமலர், நிமிராமல். "பையைக் கொட்டினப்பவும் நம்பிக்கிட்டுத்தானே நின்னீங்க."