நாளைக்கு அரசர் வருகிறார்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், தப்பு என்று தெரிந்தால் ராஜாக்களுக்கும் முகம் சிவந்த காலத்தில், வெண்துறை நாட்டை உதயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் வருமா சிரிப்பு வருமா என்பது அவருக்கே தெரியாது.

அந்த நாட்டுக்கு அழகே உப்பளம்தான். மாசி பிறந்தால் கடல் கடந்து தீவுக்காரர்கள் படகு படகாக வந்து இறங்குவார்கள். ஆவணி வரை உப்பு வாருவார்கள். மழைக்காற்று கிளம்பும் முன் ஊர் திரும்பிவிடுவார்கள். சாயங்காலம் அவர்கள் தங்கள் பாஷையில் பாடினால் அரண்மனை வரை கேட்குமாம். அர்த்தம் யாருக்குத் தெரியும்? ஆனாலும் கேட்டவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பார்களாம். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது கேட்டிருக்க மாட்டோமா என்று எனக்கு இன்றைக்கும் ஏக்கம்தான்.

ஒரு வருஷம் பாட்டே கேட்கவில்லை. ராஜா சபையில் கேட்டார்: "என்ன, தீவுக்காரர்கள் இந்த வருஷம் வரவில்லையா?"

"வந்திருக்கிறார்கள், மகாராஜா. தொண்டை வறண்டவர்கள் எப்படிப் பாடுவார்கள்?" என்றார் மந்திரி திருமேனியார்.

உப்பள அதிகாரி சூரசேனர் துள்ளி எழுந்தார். ராஜாவுக்கு மைத்துனர், மந்திரிப் பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "அபாண்டம்! போன வாரம்தானே மகாராஜாவே சோதனைக்கு வந்தீர்கள்? நிழல்பந்தல் இருந்ததா இல்லையா? மோர்ப்பானை இருந்ததா இல்லையா?"

"இருந்தது. நானே இரண்டு குவளை குடித்தேன். நல்ல மோர்" என்றார் ராஜா.

"மூன்று நாள் முன்னால் முரசு போகிறது, பின்னால் தாங்கள் போகிறீர்கள். நடுவில் பந்தல் முளைக்கிறது, தங்கள் தேர் திரும்பியதும் மறைகிறது" என்றார் மந்திரி.

"அந்த ஆட்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

"எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் படகுத் துடுப்பெல்லாம் அதிகாரியின் கொட்டடியில் பூட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்தால் யாரும் ஊர் போக முடியாது."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மைத்துனர் மீதா பழி? சரி, நாற்பது நாள் தருகிறேன். வேவு பார்க்கக்கூடாது, ஆளை மிரட்டக்கூடாது. குற்றத்தை அவர் வாயாலேயே சொல்லவையும். முடியாவிட்டால் உமது பதவி அவருக்கு. அப்புறம் உப்பளத்தில் சோதனையே கிடையாது!"

"உத்தரவு. சோதனை எந்த நாள் என்பதை மட்டும் நான் குறிக்கிறேன். நான் கேட்கும் வரை தாங்கள் அரண்மனையை விட்டுக் கிளம்பக்கூடாது."

"அவ்வளவுதானே? குறித்துக்கொள்ளும்!"

மறுநாளே முரசு அறைந்தார்கள்: "நாளைக்கு அரசர் வருகிறார்!"

சூரசேனர் சிரித்துக்கொண்டார். பந்தல் எழுந்தது. தண்ணீர் வண்டிகள் வந்தன. மோர் வந்தது. உப்பு அரித்த கால்களுக்குத் தடவ நல்லெண்ணெய் வந்தது. மறுநாள் எல்லாரும் காத்திருந்தார்கள். உச்சிவேளையில் சேவகன் ஒருவன் வந்து, "அரசருக்குத் தலைவலி. நாளைக்கு வருகிறார்" என்றான்.

அடுத்த நாள், "ஜோசியர் நாள் சரியில்லை என்கிறார். நாளைக்கு வருகிறார்." அதற்கடுத்த நாள், "பட்டத்து யானைக்கு வயிற்றுவலி. நாளைக்கு." ராஜாவுக்கும் இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று, சாக்குகளை அவரே யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஒருநாள், "துடுப்புகள் அவரவர் படகில் இருக்கிறதா என்றும் பார்ப்பாராம்" என்று மந்திரி சொல்லியனுப்பினார். கொட்டடி திறந்தது.

முப்பத்தேழாம் நாள் சூரசேனர் தலைப்பாகை அவிழ்ந்து தொங்க, சபைக்குள் ஓடிவந்தார்.

"மகாராஜா, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்! தினம் பத்து வண்டி தண்ணீர்! தினம் மோர்! உச்சிவெயிலில் நிழலில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்! எத்தனை நாள் நான் பந்தலைப் பிரிக்காமல் வைத்திருப்பது? தாங்கள் வந்துபோனால்தானே துடுப்பை எடுத்துப் பழையபடி பூட்ட முடியும்!"

மந்திரி கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ராஜா முகம் சிவந்தது. தம் பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். "சூரசேனரே, நாளை முதல் நீரும் உப்பு வாரும். பந்தலின் அருமை அப்போது தெரியும்" என்றார். பிறகு தேரும் இல்லாமல் முரசும் இல்லாமல் உப்பளத்துக்கு நடந்தார்.

பந்தலடியில் தாமியா என்ற தீவுக்காரி காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். புண்ணெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான்தான் அரசன். வந்துவிட்டேன்" என்றார் ராஜா பெருமையாக.

அவள் முகம் வாடிப்போயிற்று. கண்ணில் நீர் கட்டியது. "வந்துட்டீங்களா சாமி? இன்னும் ரெண்டு மாசம் வராம இருந்திருக்கக் கூடாதா? நீங்க வந்துட்டுப் போனா பந்தலப் பிரிச்சிருவாங்களே!"

இந்த வருஷம் எத்தனை சோதனை! ஒவ்வொரு தடவையும் தாம் திரும்பிப் போனதே இவர்களுக்கு வினையாகியிருக்கிறதே என்று ராஜாவுக்கு நெஞ்சு வலித்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அவள் முன்னால் குனிந்தார்.

"அம்மா, நான் இன்றைக்கு வரவே இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல். நாளைக்குத்தான் வருகிறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். ராஜா வந்த வழியே நடந்து போனார். அப்படியும் ராஜாக்கள் இருந்தார்கள்.