பதினேழாம் எண்

புகைப்படப் பெட்டி உலகத்துக்குப் புதிதாக இருந்த காலம். பர்மாச் சண்டையில் ஆற்றங்கரைக் கூடாரங்களில் ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. காயம்பட்ட சிப்பாய்களை அங்கே படம் பிடித்தவர் சவரிராயன். சீடன் இருளப்பன் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். கேள்வி கேட்பதில் மட்டும் சின்னப் பிள்ளை.

டாக்டர் துரையின் உத்தரவு ஒன்றுதான். அவர் எழுதும் புத்தகத்துக்குக் காயம் போதும், முகம் வேண்டாம். மயக்கத்தில் வருகிறவர்களுக்குப் பெயரும் கிடையாது. ஓர் எண்ணைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் வைப்பார்கள்.

அன்று இருளப்பன் தானே படம் பிடித்த ஒரு கண்ணாடித் தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினேழாம் எண். முழங்காலுக்குக் கீழே குண்டுக் காயம். படம் பதியப் பன்னிரண்டு எண்ணி முடிக்கும்வரை அந்தக் கால் அசையவே இல்லை.

“வாத்தியாரே, தையல்கூடத் தெரியுது. இதுக்கு மேல நான் என்ன கத்துக்கணும்?”

சவரிராயன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பட்டாளத்து வண்டிக்காரர் வந்து நின்றார்.

“என் தம்பி சுடலைமுத்துவைத் தேடி வந்தேங்க. மூணு ஆஸ்பத்திரி பார்த்தாச்சு.”

“எங்க படத்துல முகம் இருக்காதுய்யா. வெறும் காயம்தான்” என்றான் இருளப்பன்.

“பரவால்ல, காட்டுங்க.”

தகடுகளை ஒவ்வொன்றாக வைத்தான். பதினேழாவதில் வண்டிக்காரர் குனிந்தார். காயத்தை அவர் பார்க்கவில்லை. பாதத்தில் விரலை வைத்தார்.

“சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறியிருக்கு பாருங்க. அவனுக்குச் செருப்பே சேராது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். எங்க படுத்திருக்கான்?”

இருளப்பன் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தான். சவரிராயன்தான் சொன்னார்.

“நேத்து அடக்கம் பண்ணிட்டாங்கய்யா. ஆத்தோரம் பதினேழுன்னு எழுதிக் குச்சி நட்டிருக்கும்.”

வண்டிக்காரர் அப்படியே உட்கார்ந்து அழுதார். அழுது ஓய்ந்ததும் கேட்டார்.

“வாயால சொன்னா அம்மா நம்பாது. இதைக் கொண்டுபோகட்டுமா?”

இருளப்பன் பதறிப்போனான்.

“வாத்தியாரே, அது துரையோட சொத்து! இந்த ஒண்ணைப் பார்த்துட்டுத்தான் என்னைத் தனியாப் படம் பிடிக்க விடறேன்னிருக்கார்.”

சவரிராயன் தகட்டைத் தம் துண்டில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவர் ஆற்றுப் பக்கம் நடந்தார்.

அந்தக் காலைத் தன் கையாலேயே வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தவன் இருளப்பன். அந்த விரல் அவன் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது. பயமும் விடவில்லை.

“நாளைக்குத் துரை வந்து, பதினேழு எங்கேன்னு கேட்பாரே. என்ன சொல்றது?”

“சுடலைமுத்து வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லு.”