பிள்ளை தலையில் அடித்த சத்தியம்

"என் பாலை என் பிள்ளைக்குன்னு தனியா எடுத்து வைக்க வழி இருக்கா சாமி?"

செம்பாயி கேட்டது பரதேசியம்மாவிடம். கேட்டுவிட்டு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் மணியக்காரர் மகன் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆற்றின் நடுவில் ஒரு மணல்மேடு. பரதேசியம்மா இருந்தது அதில்தான். வயது அதிகமில்லை. எந்த ஊரில் பிறந்தவள் என்று ஒருவருக்கும் தெரியாது. இக்கரைக்காரர்கள் எங்கள் சாமி என்றார்கள். அக்கரைக்காரர்களும் அப்படியேதான் சொன்னார்கள்.

"உன் பிள்ளை எங்கே?"

செம்பாயி அக்கரையைக் காட்டினாள். கையை முழுசாகக்கூட நீட்டவில்லை.

"அது அழுற சத்தம் ஞாபகம் இருக்கா?"

செம்பாயி கண்ணை மூடிப் பார்த்தாள். மணியக்காரர் மகன் அழுவதுதான் காதில் வந்தது. இன்னும் இறுக்கி மூடினாள். அப்போதும் அவன்தான்.

பரதேசியம்மா கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

அக்கரையில் மழை பொய்த்துப் போயிருந்தது. பிழைக்கப் போன புருஷன் திரும்பவில்லை. தான் தின்றால்தானே பிள்ளைக்குப் பால். மகள் பவளத்தை அக்காவிடம் விட்டுவிட்டுச் செம்பாயி இக்கரைக்கு வந்தாள். வரக் கூடாது என்று சட்டம் இருந்தது. வந்தாள்.

அந்தச் சமயம்தான் மணியக்காரர் பெண்சாதி பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். மணியக்காரரே செம்பாயியைத் தேடி வந்து, கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

வீட்டில் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். பால் ஊற வேண்டுமென்று பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்வார். அவள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போவார். அக்கரைக்காரன் நம்ம தண்ணியக் குடிக்கிறான், நம்ம சோத்தைத் தின்கிறான், ஒருத்தனையும் விட்டு வைக்கக் கூடாது என்று பேசுவார். குரல் அக்கரை வரைக்கும் கேட்கும். ஊர் கைதட்டும். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, நீ சாப்பிட்டியா தாயி என்பதுதான்.

பொய்யாகக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டார். செம்பாயிக்கு அதுதான் விளங்கவே இல்லை.

துணி துவைக்கிற கல்லில் நின்றால் அக்கரையில் எங்கோ ஒரு புகை தெரியும். அது அக்கா வீட்டு அடுப்புப் புகைதான் என்று அவளாக வைத்துக்கொண்டாள். புகை நேராக எழும்பினால் பவளம் சாப்பிட்டுவிட்டாள். கலைந்தால் அடம் பிடிக்கிறாள். புகை வராத நாளில் செம்பாயிக்கும் சோறு இறங்காது.

ஒருநாள் மண்டபத்தில் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. உப்பளம் வைத்திருக்கிற வீரபாகு எழுந்து, அப்படியானால் உங்கள் வீட்டில் பால் கொடுக்கிறவள் யார் என்று கேட்டுவிட்டார்.

"உன் உப்பளத்துல உப்பு வாருறவன் யாரு, உன் மாமனா மச்சானா?" என்றார் மணியக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிரித்த வாய் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அக்கரைக்காரன் உப்பு வாரிக்கொண்டோ மாடு கறந்துகொண்டோ இருந்தான்.

பேச்சு வளர்ந்து கடைசியில் இப்படி முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்காரரும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும், என் வீட்டில் அக்கரை ஆள் இல்லை என்று. பரதேசியம்மா சாட்சி.

பிள்ளை தலையில் அடித்துப் பொய் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. பொய் பிள்ளையைத் தின்றுவிடும்.

மறுநாளே மணியக்காரர் மணல்மேட்டுக்கு வந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்பாயி பின்னால் நின்றாள். அந்த நேரத்துக்கு இவள் அக்கரையில் நின்றால் நான் சொல்வது பொய்யாகாதே சாமி என்று கேட்டார்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"சத்தியம் முடியிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரு கேக்கப் போறா."

பரதேசியம்மா வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது மணியக்காரர் செம்பாயியிடம், காலையில் போய்விட்டு இருட்டினதும் வந்துவிடு, உன் பிள்ளையைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்றார். பிள்ளையைப் பார்க்கலாம் என்பதற்கு முன்னால் சொன்னது எதுவும் செம்பாயி காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போனாள். தான் ஒருத்திதான் என்று நினைத்துப் போனவளுக்குத் திகைப்பாக இருந்தது. உப்பளத்து ஆட்கள், சமையல்காரிகள், மாடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் கூட்டமாக நின்றார்கள். ஏற்றிவிட முதலாளிமார்களே வந்திருந்தார்கள். முந்தாநாள் மண்டபத்தில் அடிக்கப் பாய்ந்த வீரபாகுவும் மணியக்காரரும், உங்க ஆளு முதல்ல ஏறட்டும், இல்லை உங்க ஆளே ஏறட்டும் என்று ஒருத்தருக்கொருத்தர் மரியாதை செய்துகொண்டார்கள்.

படகுக்காரர் மட்டும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அக்கா வீட்டு வாசலில் பவளம் நின்றுகொண்டிருந்தாள். செம்பாயியைக் கண்டதும் ஓடி, பெரியம்மா சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"உன் ஆத்தாடி," என்றாள் அக்கா.

சேலை விலகவில்லை.

அக்கா அவளை இழுத்துக் கொடுக்கப் பார்த்தாள். செம்பாயி வேண்டாமென்று தடுத்துவிட்டாள். கையை நீட்டவும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியது. முதுகுக்குப் பின்னால் சின்னக் கால்கள் வருவதும் ஓடுவதும் கேட்டது. திரும்பினால் போய்விடுவாள் என்று திரும்பாமலே இருந்தாள். இவ்வளவு நாளும் ஆறு தாண்டித் தெரிந்த பிள்ளை, இப்போது ஒரு கை தூரத்தில் இன்னும் எட்டாமல் நின்றாள்.

அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணியக்காரர் ஊரிலிருந்து அழுகை வந்தது. மணியக்காரர் மகன். பசி அழுகை.

செம்பாயியின் ரவிக்கை நனைந்துவிட்டது.

பவளம் முன்னால் வந்து நின்று பார்த்தாள். ஈரத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"மழையா?"

"ஆமாண்டி," என்றாள் செம்பாயி.

பவளம் மடியில் ஏறினாள்.

மண்டபத்தில் நடந்ததைப் படகுக்காரர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லையாம். ஆட்டுப்பாலைப் புகட்டினார்கள், துப்பிவிட்டான். தூக்கிக்கொண்டு நடந்தார்கள், விறைத்துக்கொண்டான். மற்றவர்கள் எல்லாம் சத்தியம் செய்து முடித்தார்கள். மணியக்காரர் முறை வந்தது. அழுகிற பிள்ளை தலையில் கையை அடித்து, என் வீட்டில் அக்கரை ஆள் யாரும் இல்லை என்றார்.

"அப்ப இவனுக்குப் பாலு?" என்றாள் பரதேசியம்மா.



அவள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் படகுக்கு நடந்தாள். மணியக்காரர் செருப்பு மாட்டக்கூட நிற்காமல் பின்னால் ஓடினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

படகை விட்டு இறங்கியதும் அக்கரைக் காவல்காரர் கம்பைக் குறுக்கே நீட்டினார். வெளியாள் இறங்கக் கூடாது என்ற சட்டம் அங்கேயும் இருந்தது.

"எந்த ஊரு? யாரைக் கேட்டு வந்தே?"

அந்தக் கேள்விகளை மணியக்காரர் பிறரிடம் கேட்டே பழகியவர்.

செம்பாயி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தெரிஞ்சவருதான் அண்ணே. பொழுது சாயிறதுக்குள்ள போயிடுவாரு," என்றாள்.

கம்பு இறங்கியது.

பரதேசியம்மா பிள்ளையைச் செம்பாயியின் இன்னொரு பக்கம் வைத்தாள். அழுகை நின்றது. பவளம் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் காலைக் கொஞ்சம் மடக்கி இடம் விட்டாள்.

மணியக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இருட்டினதும் கிளம்பிடலாம் தாயி," என்றார்.

"நான் வரலைங்க."

"உன் மகளையும் கூட்டிக்கிட்டு வா. அவளுக்கும் சேர்த்துச் சோறு போடுறேன். எம் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் துவைக்கிற கல்லில் செம்பாயி இத்தனை நாள் நின்றது. சொல்வார் சொல்வார் என்று பூண்டுக் குழம்பு பரிமாறும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தது.  பவளத்தை அணைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

பரதேசியம்மா மணியக்காரர் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அடித்த இடத்தை.

செம்பாயி திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளை தலையில அடிச்சிட்டீங்களே," என்றாள். "இனிமே நான் உங்க வாசப்படி மிதிச்சா அது பொய்யாயிடும். இவனுக்கு ஆகாதுங்க. இவன் இங்கேயே இருக்கட்டும். பால் மறக்கிற வரைக்கும்."

மணியக்காரர் மணலில் உட்கார்ந்தார். வெகுநேரம் பிள்ளை குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றிலிருந்து தன் கரையில் ஆற்றோரம் முழுக்கக் காவல் போடச் சொன்னதும் அவர்தான்.

"அப்ப எம் பிள்ளையைப் பார்க்க நான் எப்படி வர்றது சாமி?"

பரதேசியம்மா செம்பாயியைப் பார்த்தாள்.

செம்பாயி காவல்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோரை அடர்ந்து கிடக்குதுல்ல, அந்த இடத்துல கழுத்தளவுதான் தண்ணி. காவல் ஆளு மாறுறப்போ இறங்குங்க. வேட்டியை அவுத்துச் சுருட்டி ஒளிச்சுக்கங்க, வெள்ளை தூரத்துக்குத் தெரியும். நடுவுல பயந்து நின்னுறாதீங்க, நின்னா காலு புதையும்."

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"எவ்வளவு குளிரினாலும் வாயை மட்டும் திறக்காதீங்க. உங்க குரல் இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும்."