கீச்சி செய்த காற்று

சத்தியமாகச் சொல்கிறேன் பிள்ளைகளே, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிர்ந்து மண்ணில் விழட்டும். விழவில்லையே? அப்படியானால் கேளுங்கள்.

ஒரு காட்டில் பின்னலப்பன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தது. அது பின்னிய கூட்டுக்குள் நுழைய வழி தேடித் தேடி அலுத்த மழைத்துளிகள் திரும்ப மேகத்துக்கே ஏறிப் போய்விடும். அத்தனை நேர்த்தி.

அந்தக் காட்டில் மந்தியக்கா ஒரு கலைப் பட்டறை வைத்தது. குடும்பத்தோடு வர வேண்டும். கிடைத்ததைக் கொண்டு மனத்தில் தோன்றியதைச் செய்ய வேண்டும்.

"செய்யப் போவது பிள்ளைகள். பெரியவர்கள் எடுத்துக் கொடுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்" என்றது மந்தியக்கா.

யானைக்குட்டி சேற்றில் தொப்பென்று உட்கார்ந்து எழுந்தது. பதிந்த பள்ளத்தைக் காட்டி, "இதுதான் நான். நான் போன பிறகு இருக்கிற நான்" என்றது. தாய் யானை தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

பின்னலப்பனின் மகள் கீச்சி புல்லைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியது. நடுவில் பெரிய ஓட்டை. ஓரத்தில் இரண்டு நார்கள் பிரிந்து தொங்கின. பின்னலப்பனுக்கு அலகு நமநமவென்றது.

"அப்பா, ஒரு மயிலிறகு வேண்டும். தேடிக்கொண்டு வருகிறேன், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கீச்சி பறந்தது.

'நாலு பேர் பார்க்கிற இடம். குழந்தை தலைகுனியக் கூடாது' என்று நினைத்தது பின்னலப்பன். தொங்கிய நாரை மட்டும் உள்ளே இழுத்தது. பிறகு ஓட்டையை அடைத்தது. பிறகு அலகு நிற்கவே இல்லை.

கீச்சி இறகோடு திரும்பி வந்து பார்த்தது.

"இது கூடுப்பா."

"ஆமாம் கண்ணு. எவ்வளவு அழகு பார்."

"நான் செய்தது மழைக்கு முன்னால் வருமே, அந்தக் காற்று. அது வருகிற வழிதான் அந்த ஓட்டை."

கீச்சி இறகைக் கீழே வைத்தது.

மாலையில் காடே பார்க்க வந்தது. யானைக்குட்டியின் பள்ளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். கூட்டின் முன்னால் நரி மட்டும் நின்றது. "நல்ல வீடு. எப்போது குடிபோகிறீர்கள், மாமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தது.

பின்னலப்பன் அவசரமாகக் கூட்டைப் பிரித்தது. கோணலாகச் செருகிப் பார்த்தது, நேராக விழுந்தது. ஓட்டை விட்டுப் பார்த்தது. அலகு தானே அடைத்தது. எத்தனை முறை பிரித்தாலும் கூடுதான் வந்தது.

"எப்படி இருந்தது, சொல்லேன் கண்ணு. அப்படியே செய்துவிடுகிறேன்."

"விடுங்கப்பா. எனக்கே மறந்துவிட்டது."

அடுத்த பட்டறைக்கும் இருவரும் போனார்கள். கீச்சி புல்லைப் பொறுக்கி வந்து அப்பாவின் முன்னால் வைத்தது. "நீங்களே செய்துவிடுங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றது.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பின்னலப்பன் இப்போது என் வீட்டுப் பனைமரத்தில்தான் இருக்கிறது; கேட்டால் அதற்கு மனம் தாங்காது.

நீதி: பிள்ளையின் கோணலை நிமிர்த்தும் முன், அது என்னவென்று பிள்ளையைக் கேள்.