மிச்சம் என்று கூப்பிடு

அந்தக் காலத்தில், நாய் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், சீன தேசத்து ஆற்றங்கரை ஒன்றில் லியூ பாவ் என்பவனின் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது.

காது மந்தமோ என்று பார்த்தார்கள். இல்லை. தட்டு விழுந்தால் திடுக்கிட்டது. பெயர் சொன்னால்தான் சும்மா கிடந்தது. பிறகு சாப்பிடுவதையும் விட்டது. ஓடித் திரிந்த பிள்ளை, பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டது.

பிள்ளைக்குத் தாஷான் என்று பெயர். பெரிய மலை என்று அர்த்தம். அது பாவின் அப்பா பெயர். கிழவர் செத்த வருஷமே பிள்ளை பிறந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவர் பெயராவது கேட்கட்டும் என்று பாவ் அதையே வைத்தான். தப்பென்று சொல்ல அப்போது யாருமில்லை. நம் பக்கம் இன்றைக்கும் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிறார்களே, அப்படித்தான்.

"ஏண்ணே, இன்னுமா உனக்குப் புரியல?" என்றது வாசலில் படுத்திருந்த நாய். யாரும் எடுத்துப் போகாமல் மீந்த குட்டி அது. அதனால் மிச்சம் என்றே அதற்குப் பெயர்.

"என்னத்தைப் புரியணும்?" என்றான் பாவ்.

"நீ கூப்பிடுறப்பல்லாம் உங்கப்பா வந்து நிக்கிறாரு. அதோ, தண்ணித் தொட்டிகிட்ட. செத்தவங்க ஊருக்குப் பாதி தூரம் போயிருப்பாரு, நீ கூப்பிடுவ, திரும்பி வருவாரு. நடந்து நடந்து காலே தேஞ்சுபோச்சு மனுசனுக்கு."

பாவ் தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கே வெயில்தான் இருந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"ஒரு பேருக்கு ஒருத்தர்தான் பதில் சொல்ல முடியும். பெரியவர் முந்திக்கிறாரு. இவன் விட்டுக்கொடுத்துட்டான். இன்னிக்கு அவர் கிளம்புறப்ப, கையைப் பிடிச்சுக்கிட்டு இவனும் போயிருவான்."

பாவின் மனைவி சுவானுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "என்னதான் செய்யணும்? சொல்லித் தொலை" என்றாள்.

"வேற பேர் சொல்லிக் கூப்பிடணும். வாசலைத் தாண்டுறதுக்குள்ள ஒரே ஒரு தடவை. கையை விட்டுட்டு ஓடி வந்துருவான்."

"இப்பவே கூப்பிட்டா?"

"இப்ப தூங்குறான். உயிர் எழுந்து நடக்கிறப்பதான் காதுல ஏறும். பேர் தோணலைன்னா என் பேரை வெச்சுக்க. செத்தவங்க யாருக்கும் அது கிடையாது."

"என் பிள்ளைக்கு நாய்ப் பேரா?"

"நாய் உயிரோட இருக்கு பாரு" என்றது மிச்சம்.

பாவ் மிச்சம், மிச்சம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினான். சுலபமான பெயர்தான்.

வெயில் சாயும்போது நாய் காதைத் தூக்கியது. "கிளம்பிட்டாரு."

சுவானின் மடியில் பிள்ளைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. முற்றத்துப் புழுதியில் ஒரு பெரிய காலடி விழுந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் காலடி. ஆளைக் காணோம். தடம் மட்டும் ஒவ்வொன்றாக வாசலைப் பார்த்துப் போனது.

பெரிய தடத்தில் இடது கால் இழுபட்டிருந்தது. அப்பாவின் நடை அது. அந்த இழுப்பைப் பார்த்ததும் பாவ் ஓரடி முன்னால் வைத்தான். மனசில் மிச்சம் என்றுதான் இருந்தது. வாய் சொன்னது வேறு.

"தாஷான்."

பெரிய காலடி நின்றது. திரும்பியது. சின்னக் காலடி நிற்கவில்லை. தாத்தாவைத்தானே கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று அது பாட்டுக்கு வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் பாவ் தொண்டை கிழியக் கூப்பிட்டான். மிச்சம், மிச்சம் என்று ஆற்றங்கரை வரை ஓடினான். நாய்தான் வந்தது. எதுவும் பேசாமல் காலடியில் படுத்தது. அதற்குப் பிறகு எந்த நாயும் பேசவில்லை. பேசித்தான் என்ன ஆகப்போகிறது?

அன்று முதல்தான் சீனர்கள் கல்லறையில் எழுதிய பெயரைத் தொட்டிலுக்குக் கொண்டுவருவதில்லை. பால்குடிப் பிள்ளையை நாய் தின்ற மிச்சம் என்றுகூடக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. பாவிடம் நாய் சொன்னதும் இவ்வளவுதான். வாசலைத் தாண்டுவதற்குள் வேறு பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடு என்றது நாய். அவன் கூப்பிடவில்லை.