திருப்பி வாங்கப் போன பாட்டு

"அம்மா, இந்த நூலகப் பொறுப்பு இனி எனக்கு வேண்டாம். அலுத்துப் போச்சு" என்றார் வேங்கடவரதன்.

அவர் அம்மா என்றழைத்த குருவைவிட இருபது வயது மூத்த சீடர். முன்னாள் வக்கீல். ஆசிரமத்துக்கு வந்த பிறகும் சட்டம் அவரை விட்டபாடில்லை.

"என்ன ஆச்சு, வக்கீலய்யா?"

"இறந்தவங்களை வழியனுப்ப நீங்க எழுதின பாட்டுப் புத்தகத்தைக் கொழுந்துமலை நூலகம் இரவல் கேட்டுச்சு. பதிப்புரிமை பதிப்பகத்துக்காரங்ககிட்ட இருக்கு. யாரையும் நகல் எடுக்க விடமாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்தவன் நான். அதனால கேட்ட ஒரு பாட்டைத் தவிர மத்த பக்கத்தையெல்லாம் ஊசி நூலால தைச்சே அனுப்பினேன்."

நோயில் படுத்திருந்த குரு சிரித்தார். அதற்கும் தெம்பில்லையோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தையலைப் பிரிச்சிட்டாங்களா?"

"இல்ல. புத்தகம் பத்திரமா வந்துடுச்சு. ஆனா அந்த ஒரு பாட்டை அங்க நூலகரம்மா மனப்பாடம் பண்ணிட்டாங்களாம். சாவு வீட்டுலயெல்லாம் பாடறாங்களாம். அதுவும் நகல்தானே? கேள்வி வந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

"இப்ப நான் என்ன செய்யறது?"

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

உத்தரவு என்றால் வக்கீலுக்கு உத்தரவுதான். கிண்டலா நிஜமா என்றுகூடக் கேட்கவில்லை. மலைக்குப் பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு இடுப்பு கழன்றது.

நூலகம் பூட்டிக் கிடந்தது. நூலகர் மரிக்கொழுந்தின் கணவர் அன்று காலையில் இறந்துவிட்டார் என்றார்கள்.

வீட்டைத் தேடிப் போனார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த அம்மாவே பாடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவரின் ஆசிரம உடையைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"ஐயா, இதை மட்டும் முடிச்சிக்கிறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

வேங்கடவரதனுக்குப் பாவமாக இருந்தது. தான் கொடுத்த வாக்கும் உறுத்தியது. வாசலிலேயே நின்றார்.

"சுமந்ததெல்லாம் இறக்கி வையி, சாமி..."

அதற்கு மேல் மரிக்கொழுந்துக்குக் குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். முடியவில்லை.

கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த அடி அவர்களில் யாருக்கும் தெரியாது.

வேங்கடவரதன் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இறக்கி வெச்ச சுமையையெல்லாம் நாங்க எடுத்துக்கறோம், சாமி" என்று பாடினார்.